எவ்வளவு கூர் போதும்

உளியை முன்கையில் வைத்து இழுத்தால் ரோமம் சத்தமில்லாமல் உதிர வேண்டும், ஐயா. அதுதான் என் அளவு. அதற்குக் குறைந்த எதையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

தச்சுப் பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். நானும், என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையும். தீட்டுவது என் வேலை, செதுக்குவது அவர் வேலை. பதினோரு வருஷமாக அப்படித்தான். சாணைக்கல்லில் உளி இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன். திரும்பினால் கையின் சாய்வு மாறும், உளியின் வாய் கோணிவிடும். "வீடே தீப்பிடிச்சாலும் அண்ணன் தீட்டி முடிச்சுட்டுத்தான் வருவாரு" என்று தங்கை கேலி செய்வாள்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான். பலகையை மேஜையில் பூட்டாமல் தொடை மேல் வைத்துக்கொண்டு, உளியைத் தன் பக்கமாகவே அழுத்துவார். நல்ல கூர் மரத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், போகச் சொன்ன இடத்துக்குத்தான் போகும். இத்தனை வருஷமும் அந்தத் தொடையில் ஒரு கீறல் விழாததற்குக் காரணம் என் கல். அவர் அதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் கதவு செய்யச் சொல்ல ஒரு அம்மா வந்தார். நான் தீட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை என்னைக் காட்டிச் சிரித்தார். "மச்சான் தீட்டற தீட்டுக்கு நாங்க சலூன்தான் வச்சிருக்கணும். மரத்துக்கு எதுக்குங்க இவ்வளவு கூர்?"

அந்த அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை அகல உளியை ரோமம் உதிரும்படி தீட்டினேன். பிறகு அதன் வாயைக் கல்லின் ஓரத்தில் வைத்து இரண்டே இழுப்பு, மெதுவாக. கண்ணுக்குத் தெரியாது. லேசான மரத்தில் வேலை செய்தாலும் தெரியாது. ஆனால் கதவுக்கு வந்தது வைரம் பாய்ந்த மரம். அதில் அந்த உளி வழுக்கும். ஒரு விரல் கிழியும், ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு உட்காருவார், கூர் எதற்கு என்று புரியும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

"இன்னைக்கு என்ன மச்சான், உளி கடிக்கவே மாட்டேங்குது?" என்றார்.

"நல்லா அழுத்துங்க மாப்பிள்ளை" என்றேன்.

அழுத்தினார். உளி ஒரு கணுவில் வழுக்கி, தொடையின் உள்பக்கம் முழுசாக இறங்கியது. எவ்வளவு கூர் வேண்டும் என்று நேற்று விசாரணைக்கு வந்தபோது நீங்களும் கேட்டீர்களே. மரத்துக்குப் போதாத கூர் சதைக்குத் தாராளமாகப் போதும், ஐயா.

அவரே உளியைப் பிடுங்கி எறிந்தார். அது என் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்து விரலை வைத்துப் பார்த்தேன். மழுங்கல். தொழில் தெரிந்த எவன் தொட்டாலும் இது மழுங்கல் உளி என்று சொல்லிவிடுவான். அந்தப் பேரோடு அதை நான் எப்படி வெளியே விடுவேன்? கழுவித் துடைத்துக் கல்லில் வைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அருமையான கூர் வந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

இவ்வளவு கூரான உளி வழுக்கியிருக்காது என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

"கடைசியா ஏதாவது சொன்னாராண்ணா?" என்று தங்கை கேட்டாள். இல்லை என்றேன். அது பொய். மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் சத்தமாக, அப்புறம் சின்னக் குரலில். ஆனால் உளி கல்லில் இருந்தது.

அன்றிலிருந்து எதைத் தீட்ட உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா. ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன். அதனால் இப்போதெல்லாம் ஒரு உளிகூட எனக்குச் சரியாக வருவதில்லை.