ஏலக்காய் போட்டு இடித்தது

— பிரசர் எல்லாம் பாக்க வேணாம் நர்சம்மா. கையில சுத்துனதக் கழட்டு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் புருசனுக்கு நீ இன்னா குடுக்குற?

— சடையண்ணனுக்கா? பிரசர் மாத்திர. மாசம் ஒருவாட்டி வந்து வாங்கிக்கினு போறாரு. ஏன் காசியக்கா?

— மாத்திரையக் கேக்கல. சோத்தக் கேக்கறேன்.

— சோறா?

— எங்கியோ துன்னுட்டுத்தான் வூட்டுக்கு வராரு. இந்த மலையில தனியா பொங்கித் துன்றவ நீ ஒருத்திதான்.

— அய்யோ அக்கா! நான் பொங்குறத நானே துன்ன முடியாமத்தான், பஸ் கண்டக்டருகிட்ட சொல்லி கச்சிராயபாளையத்துல இருந்து பரோட்டா வாங்கியாரச் சொல்றேன்.

— சிரிக்காத. நீ சிரிக்கசொல்லோ கன்னத்துல குழி வுழுவுது. அதயும் பாத்துட்டுத்தான் வராரு.

— சரி, சிரிக்கல. இன்னா ஆச்சு, சொல்லுங்க.

— ஆறு மாசமா என் கொழம்ப நாக்குல வெக்கறதில்ல. கருவாட்டுக் கொழம்புன்னா சட்டிய வழிச்சித் துன்ன மனுசன். இப்ப ஒரு வாய் வெச்சிட்டு, கண்ணுல தண்ணி வுட்டுக்கினு, மோர ஊத்துன்றாரு. நான் இன்னா வெசமா வெச்சேன்?

— ம்.

— பேச்சும் கம்மி. பேசனாலும் பல்லக் கடிச்சிக்கினே பேசறாரு. முந்தி குச்சிக்கெழங்குக் கொல்லையில இருந்து வரசொல்லோ ஓடைகிட்ட நின்னு ஒரு விசிலு அடிப்பாரு. நான் ஒல வெப்பேன். இப்ப திருடனாட்டம் வந்து நிக்கறாரு.

— விசிலே அடிக்கறதில்லியா?

— எனுக்கு எதுக்கு அடிக்கணும்? உனுக்குத்தான் மைக்குல பேசனாரே. போன வருசம் முகாமுல, அத்தினி ஜனத்துக்கு முன்னாடி. நர்சம்மா சொல்லித்தான் பீடிய வுட்டேன்னு. பதினெட்டு வருசம் நான் சொன்னேன். கேக்கல. நீ வந்து படப் பொஸ்தகம் காட்டுன, வுட்டுட்டாராம். மாலை உனுக்கு, கைதட்டு உனுக்கு. நான் பந்தல்ல தண்ணி மோந்து குடுத்துக்கினு நிக்கறேன்.

— அவுரு ஒருத்தரு மட்டும் இல்லக்கா. அவுரப் பாத்து இந்த ஊர்ல இருவத்திரெண்டு பேரு வுட்டாங்க. மலையில வேற எந்த ஊர்லயும் இத்தினி பேரு இல்ல. அதான் கேடயம் குடுத்தாங்க. பாருங்க, ஜன்னல் மேல.

— பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன். ஷாலினின்னு போட்டுக்கீது. எம் பேருல்ல இருக்கணும் அதுல.

— உங்க பேரா?

— ஆமா. உன்னால வுடல அவுரு. என்னால வுட்டாரு. நீ பொஸ்தகத்த மூடிக்கினு போன மூணா நாளே பீடிக்கட்ட எடுத்துட்டாரு. கை நடுங்குது, சும்மா இருக்கற மாட்ட அடிக்கறாரு. நாந்தான் ஒரு உருண்ட உருட்டி வாயில வெச்சேன். அன்னிக்கி பீடியத் தூக்கிப் போட்டவரு, இன்னி வரைக்கும் தொடல.

— இன்னா உருண்ட?

— போயில. கூட சீவலு, சுண்ணாம்பு. ஒறைக்கும்னு ஏலக்கா போட்டு இடிச்சேன். நீ போட்டியா ஏலக்கா?

— எவ்ளோ நாளாக் குடுக்கறீங்க?

— ஒண்ணர வருசம்.

— ஒரு நாளைக்கி?

— ஏழு, எட்டு. படுக்கசொல்லோகூட ஒண்ணு அதக்கிக்குவாரு.

— எந்தக் கன்னம்?

— எடது. ஏன், அதுவும் உனுக்குத் தெரியணுமா?

— எங்கிட்ட ஒருவாட்டிகூடச் சொல்லலியே அவுரு.

— எப்டிச் சொல்வாரு? இங்க வரணும்னா மூணு சொம்பு தண்ணியில வாய் கொப்புளிக்கறாரு. தலைய வேற படிய வாரிக்கறாரு.

— அக்கா, மூணு வெரல ஒண்ணாச் சேத்து, நெட்டுக்கு உங்க வாயில வெய்ங்க.

— இன்னா வெளையாட்டு இது?

— வெய்ங்க.

— போவுது. அதுக்கு இன்னா இப்ப?

— அண்ணனுக்குப் போவுமா?

— ஒரு வெரலே இடிக்கும். முந்தாநாளு சந்தையில அதிரசம் வாங்கியாந்து ஊட்டப் போனேன். கல்யாணம் ஆயி மொதவாட்டி ஊட்டப் போறேன் நர்சம்மா. வாயத் தொறக்கல. மூஞ்சத் திருப்பிக்கினாரு. அப்பத்தான் முடிவு பண்ணேன், நீதான்னு.

— தொறக்காம இல்லக்கா. தொறக்க முடியல.

— இன்னா சொல்ற?

— உள்கன்னம் தோலாட்டம் இறுகிக்கினு வருது. அதான் காரம் பட்டா எரியுது. அதான் பல்லக் கடிச்சிக்கினு பேசறாரு. உதடு குவியல, விசிலு வரல.

— அப்போ என் கொழம்பு மேல வெறுப்பு இல்ல?

— இல்ல.

— வேற பொம்பள?

— இல்லக்கா.

— அப்பாடா.

— அப்பாடான்னு சொல்லாதீங்க. எடது பக்கம் உள்ள வெள்ளையா படை, ஆறாத புண்ணு, எதுனா இருக்குதா?

— ஒரு புண்ணு இருக்குது. சுண்ணாம்பு சுட்டுட்டுதுன்னாரு. ரெண்டு மாசம் இருக்கும். ஏன் அப்டிப் பாக்கற? சொல்லு.

— புத்துநோயா இருக்கலாம். இல்லாமயும் போவலாம். சதைய எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்.

— பொய்யி.

— பொய்யா இருந்தா எனுக்கும் சந்தோசம்தான்.

— பொகைதான கெட்டதுன்ன? இதுல நெருப்பு இல்ல, பொகை இல்ல. இருமலு நின்னுபோச்சி. உம் பொஸ்தகத்துல நெஞ்சுதான இருந்துச்சி, கருகிப்போன நெஞ்சு. வாய் எங்க இருந்துச்சி?

— இருந்துச்சி. கடைசிப் பக்கம். அதுக்குள்ள பாதிப் பேரு எழுந்துட்டாங்க. பாக்கவும் சகிக்காது. நான் திருப்பல.

— இப்பத் திருப்பு.

— வேணாம்க்கா.

— திருப்புன்றேன்.

— இதான்.

— மூடு. மூடு நர்சம்மா.

— தண்ணி குடிங்க. இன்னியோட அந்த உருண்டைய நிறுத்திடுங்க. சாயங்காலம் அண்ணன இங்க கூட்டியாங்க. டார்ச் அடிச்சி, உள்ள வெரல வுட்டு நான் ஒருவாட்டி பாத்துடறேன்.

— நீ வெரல வுடாத. டாக்டரு வுடட்டும்.

— அக்கா!

— நீ டார்ச் மட்டும் அடி.

— சரி. காலையில ஜீப்பு சொல்றேன். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு நேரா போயிடலாம். நானும் கூட வரேன்.

— ஜீப்பு பத்தாது.

— மூணு பேருக்கு ஏன் பத்தாது?

— உனுக்கு மாலை போட்ட அன்னிக்கே பொம்பளைங்க எங்கிட்ட வந்தாளுங்க, உம் புருசன் நெசமா எப்டிடி வுட்டாருன்னு. உன்னவிட நான் ஒசத்தின்னு காட்டணும்னு இருந்துச்சி. இருவத்திரெண்டு பேருக்கும் நாந்தான் இடிச்சிக் குடுக்கறேன்.