ஆறடி போர்டு உறையிலேயே இருந்தது

என் பெயர் மேரிசெல்வி, வயது 27, தந்தை பெயர் அந்தோணிராஜ், மீன்பிடித் தொழில், முகவரி கடற்கரைத் தெரு, பெரிய முதலியார்சாவடி. 07.08.2025 வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, பெண் உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்வதாவது. என்னை யாரும் அழைக்கவில்லை, மிரட்டவும் இல்லை.

நான் பொம்மையார்பாளையம் கடற்கரையில் அப்பாதுரை என்பவர் நடத்தும் அலைச்சறுக்குப் பள்ளியில் ஆறு வருடமாகப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். இந்தக் கரையில் பெண்களில் நான்தான் முதலில் போர்டில் ஏறி நின்றவள். எங்கள் பள்ளியில் சேர வருபவரை முதலில் எடை மெஷினில் ஏற்றி, எடையைப் பார்த்துத்தான் போர்டு கொடுப்போம். அந்த வேலை என்னுடையது. என்னைக் கேட்காமல் யாரும் போர்டு எடுக்க மாட்டார்கள்.

இப்போது மருத்துவமனையில் இருக்கும் பிரியதர்ஷினி, வயது 24, மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் அம்சவல்லி என்பவரின் மகள். சென்ற வருடம் போர்டுகளைக் கழுவித் துடைக்கும் வேலைக்கு வந்தாள். பத்து வயதிலிருந்து தலையில் உப்புக் கூடையோடு ஒரு சாண் வரப்பில் நடந்தவள் என்பதால், போர்டில் ஏறிய மூன்றாம் நாளே விழாமல் நின்றாள். எனக்கு அதற்கு மூன்று மாதம் ஆனது. அதன் பிறகு எட்டே மாதத்தில் நான் போகிற அலைக்கெல்லாம் அவளும் வந்தாள். ஜூன் மாதம் பத்திரிகையில் அவள் படம் பெரிதாக வந்தது, உப்பளத்துப் பெண் அலையில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். குப்பத்துப் பெண் கடலில் நிற்பதில் என்ன செய்தி இருக்கிறது என்று என்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் படத்தை அப்பாதுரை அண்ணன் கண்ணாடி போட்டு, எடை மெஷினுக்கு மேலே மாட்டினார். தினமும் அதன் கீழேதான் என் வேலை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு மாநிலப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று வந்தபோது, அண்ணன் பிரியாவின் பெயரைக் கொடுத்தார். 12.07.2025 சனிக்கிழமை இரண்டு புது போர்டு வந்தது. அண்ணன் என்னிடம், "ஏம்மா மேரி, உனக்குத்தான் அளவெல்லாம் தெரியும், பிரியாவுக்கு எது சரியா வரும்னு நீயே பாத்துக் குடுத்துடு" என்றார். அவள் அன்று அறுபத்து மூன்று கிலோ. நான் நாற்பத்தொன்பது. நான் அவளுக்கு ஐந்தரை அடி போர்டைக் கொடுத்தேன். ஆறடி போர்டை உறை பிரிக்காமல் ஸ்டாண்டில் மேலே ஏற்றி வைத்தேன்.

இதில் என்ன குற்றம் என்று உதவி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். போர்டின் நீளம் கூடினால் கையால் துழாவும்போது வேகம் வரும், அலையைச் சீக்கிரம் பிடிக்கலாம், ஆனால் சட்டென்று திருப்ப முடியாது. நீளம் குறைந்தால் நன்றாகத் திரும்பும், ஆனால் அலையைப் பிடிப்பது கஷ்டம். அகலம் கூடினால் ஆடாமல் நிற்கும். தடிமன்தான் ஆளை மிதக்க வைப்பது. மூன்றும் சேர்ந்து போர்டு எத்தனை லிட்டர் என்று அடியில் எழுதியிருக்கும், அந்த லிட்டர் ஏறுபவரின் எடைக்கும் பழக்கத்துக்கும் பொருந்த வேண்டும். ஐந்தரை அடி போர்டு பதினெட்டரை அங்குல அகலம், இரண்டே கால் அங்குலம்கூட இல்லாத தடிமன், இருபத்து மூன்று லிட்டர். அது என் உடம்புக்கு அளந்து செய்தது போன்ற போர்டு. அவள் ஏறினால் மார்பு வரை தண்ணீரில் அமிழ்வாள், பத்து அலைக்கு ஒன்றுகூடப் பிடிக்க முடியாது. அவள் தோற்க வேண்டும், தோற்ற பிறகு அந்தப் போர்டு எனக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். இரண்டையும் சேர்த்தே நினைத்தேன்.

மறுநாள் அவள் கரையேறி வந்து, "அக்கா, இது என்னைத் தாங்க மாட்டேங்குது" என்றாள். நான், "போர்டுல ஒண்ணும் கொறை இல்ல. நீதான் கனம்" என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வேறு யாராக இருந்தாலும் வேறு போர்டு கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. உப்பளத்தில் மேஸ்திரி எந்தக் கூடையைக் கொடுக்கிறாரோ அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் அவர்கள் வழக்கம். என்னிடமே ஒருமுறை, "அளத்துல கூடை சரியில்லன்னு யாருக்கா சொல்றா, குடுத்தத எடுத்துக்கினு போய்க்கினே இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் போர்டை மாற்றாமல் தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கினாள்.

அதன் பிறகு ஆடி மாதம் பிறந்தது. மாதம் முழுவதும் அம்மனுக்கு விரதம் என்று அவள் வீட்டில் சொன்னாள், பள்ளியிலும் சொன்னாள். மதியம் எல்லோரும் சாப்பிடும்போது சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்து, கால் வழுக்காமல் இருக்க போர்டில் மெழுகு தேய்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் வீட்டில் கூழ் ஊற்றிய அன்றுகூட எங்களுக்கெல்லாம் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் ஒரு வாய் குடிக்கவில்லை. அண்ணன் கேட்டதற்கு, "நேர்த்திக்கடன் அண்ணே" என்றாள். அவரும் சாமி விஷயம் என்று விட்டுவிட்டார். அவருக்கு வேறெதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் அவள் எடை மெஷினில் ஏறி நிற்பதை நான்கு முறை பார்த்தேன். அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு, கடைசியாக ஐம்பத்து நான்கு. விரதம் இருப்பவள் எடை பார்க்க மாட்டாள். நான் வேதக்காரி, அவர்கள் கோயில் விஷயத்தில் எனக்கென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எடை குறையக் குறைய அவள் அலை பிடிக்கத் தொடங்கினாள். எனக்கு ஆத்திரம்தான் அதிகமானது. என் போர்டை அவள் தன் போர்டாக ஆக்கிக்கொண்டிருந்தாள்.

05.08.2025 செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நான் கரையில் இரண்டு பேருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரியா மட்டும் கடலில் இருந்தாள். ஒரு பெரிய அலையைப் பிடித்து, எழுந்து, அலையின் உச்சி வரை ஏறித் திருப்பிக் கீழே வந்தாள். ஆறு வருடத்தில் அப்படி ஒரு திருப்பம் எனக்கு வந்ததில்லை. பாடம் படித்தவர்கள் கைதட்டினார்கள். அதன் பிறகு அவள் திரும்ப உள்ளே துழாவிப் போகும்போது போர்டிலிருந்து சரிந்தாள். முகம் தண்ணீரில் கிடந்தது. நான் பார்த்தேன். கைதட்டலுக்காக நடிக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு அலை போகும் வரை நான் நகரவில்லை.

அதன் பிறகு ஓடி, நீந்திப்போய் அவளைப் பிடித்தேன். மூச்சு இல்லை. காலில் கட்டிய கயிற்றோடு போர்டு பக்கத்தில்தான் கிடந்தது, அதில் அவளைக் கிடத்தினேன். போர்டு அவளோடு அமிழ்ந்தது. மறுபடி கிடத்தினேன், மறுபடி அமிழ்ந்தது. பட்டினி கிடந்து ஒன்பது கிலோ குறைந்த பிறகும் அது அவளைத் தாங்கவில்லை. நான் சத்தம் போட்டதும் அப்பாதுரை அண்ணன் எட்டடிப் பயிற்சி போர்டை எடுத்துக்கொண்டு வந்து, அதில் அவளை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார். நெஞ்சை அமுக்கி மூச்சு வரவழைத்ததும் அவர்தான்.

மறுநாள், பள்ளிக்காரர் வேலை வாங்கிக்கொண்டு பெண்ணுக்குச் சோறு போடாமல் வதைத்தார் என்று அம்சவல்லி அம்மாள் புகார் எழுதிக்கொடுத்ததால், அண்ணனை இங்கே அழைத்து வந்திருக்கிறார்கள். அந்த அம்மாளின் கோபம் நியாயமானது, ஆள்தான் தவறு.

நேற்று சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனேன். பிரியா கண் திறந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா இருந்ததால் என்னைக் குனியச் சொல்லி, காதில், "அக்கா, இப்ப எவ்ளோ இருக்கேன்?" என்று கேட்டாள். எடையைத்தான் கேட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை போட்டி. நான் வெளியே வந்துவிட்டேன். இரவு முழுவதும் தூங்காமல் இருந்து, காலையில் இங்கே வந்தேன்.

பிரியதர்ஷினிக்குப் பொருத்தமான போர்டு எது என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஆறடி நீளம், இருபது அங்குல அகலம், இரண்டரை அங்குலத் தடிமன், முப்பத்து மூன்று லிட்டர். அது உறை பிரிக்காமல் பள்ளியில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு எந்த நோட்டையும் பார்க்கத் தேவையில்லை. 12.07.2025 அன்று ஸ்டாண்டின் முன் நின்றபோதே எனக்குத் தெரியும்.

இதை எழுதிய காவலர் எனக்கு இருமுறை படித்துக் காட்டினார். இரண்டு அலை என்ற இடத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. மேரிசெல்வி