மயில்வாகனம் வாய் திறந்த கதை

அவையோரே, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு மகத்தான செய்தி. நேற்று மாலை கணக்கப்பிள்ளை ஐயாவின் சிவப்புக் கோழி தன் முதல் முட்டையை இட்டது.

பதுளையிலிருந்து மூச்சிரைக்க மலையேறி, நம் தோட்டத்துப் பாலர் வகுப்புக்குச் சிலேட்டுகள் கொண்டுவந்த தலைவர் ஷுக்ரி முதலாளி அவர்களே, தலைப்பாகையோடு கம்பீரத்தையும் சேர்த்துக் கட்டிவந்த கங்காணிமார்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே, வணக்கம்.

சிரிக்கிறீர்கள். ஒரே ஒரு முட்டைக்கு மடுல்சீமை மலை அதிரக் கொக்கரித்தது அந்தக் கோழி. நம் பிள்ளை ஒரு மழலைச் சொல்லை இட்டால் நாம் என்ன செய்கிறோம்? “சும்மா கெட” என்கிறோம்.

இனி என் வீரக்கதையைக் கேளுங்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் ராமாமிர்தம் அக்காவின் மகன் மயில்வாகனம். வயது மூன்று. பெயரோ லயத்து நீளம், வாயிலோ ஒரு சொல் இல்லை. விடியுமுன் அக்கா பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போவார், பையன் ஆயா பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போவான். துரை எட்டிப் பார்க்கையில் தொட்டில்களில் சத்தம் இருக்கக் கூடாதே, அங்கே நாளெல்லாம் “உஸ்” ஒன்றுதான் பாடம். அந்தியில் அக்கா சோறூட்டுவார், அதுவும் மௌனமாக. ஏனக்கா பேசுவதில்லை என்று கேட்டேன்.

“புரியாத புள்ளகிட்ட என்னத்தடா பேசுறது? ஊமைனு லயத்துல சொல்றாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். அப்படியே தம் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அரிசி போடாத உலையில் சோறு பொங்குமா? சொல் போடாத காதிலிருந்து பேச்சு பொங்குமா? அன்றே களத்தில் குதித்தேன். மழையைக் காட்டி மழை என்றேன், மாட்டைக் காட்டி மாடு என்றேன், கங்காணியைக் காட்டி... வேண்டாம், இங்கேதான் இருக்கிறார். அவன் விரலைப் பிடித்துச் செம்மண்ணில் ‘ம’ எழுதினேன், இதுதான் உன் பேருக்கு வாசல் என்றேன். என் கூத்தைப் பார்த்து அக்காவும் வெட்கத்தோடு வாய் திறந்தார். சோறு பிசைந்தபடியே, தேயிலைக்குள் புகுந்த மரைமானின் கதையைத் தினமும் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை மயில்வாகனம் பேசினான். அக்காவின் கைச்சோறு தரையில் சிதறியது. பிள்ளையை அள்ளிக்கொண்டு ஒவ்வொரு காம்பராவாக ஓடினார். கோழி தோற்றது. அந்த வாயைத் திறந்த சாவி எது? அடியேன்தான்.

ஆகவே கேட்கிறேன், தாய்மார்களே, தகப்பன்மார்களே. பேசுவதற்குத் துரையிடம் உத்தரவு வேண்டுமா? ஊட்டும்போது பேசுங்கள், தலை வாரும்போது பேசுங்கள், தூளி ஆட்டும்போது பேசுங்கள். பிள்ளை ‘ஆ’ என்றால் அதற்கும் பதில் சொல்லுங்கள். நாளை இந்தச் சிலேட்டுகளில் ஏறும் எழுத்தெல்லாம் இன்று உங்கள் நாவிலிருந்தே புறப்பட வேண்டும்.

பின்வரிசையில் வடிவேல் மாமா கேட்கிறார், “அது சரி, பய என்னத்தடா சொன்னான்?”

மாமா, அதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கலாம். சொல்லிவிடுகிறேன். அக்காவின் மரைக்கதைக்கு நடுவே, வழக்கம்போல, நான் புகுந்து அளந்துகொண்டிருந்தேன். பிள்ளை என் பக்கம் திரும்பினான்.

“நீ சும்மாரு. அம்மா, கத சொல்லு.”

அதோ, அம்மா மடியில் இருந்தபடி என்னைப் பார்த்து மறுபடியும் வாயைத் திறக்கிறான். அவன் முந்துவதற்குள், பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும்.