ஐம்பது நிமிடம் இடையூறில்லாமல்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஓடுகிற பாட்டை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா, சார்? கவனித்திருக்க மாட்டீர்கள். அப்படி யாரும் கவனிக்காமல் இருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று மற்றவர்கள் சொல்வார்கள், நானே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது.

பெயர் லேலண்ட் ஹார்ம்ஸ். டார்வெல் நகரத்து வானொலியில் என்ன பாட்டு, எப்போது, யார் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவன் நான். செவ்வாய்க்கிழமை துணிக்கடையில் செத்துப்போன ஐந்து பேரைப் பற்றி விசாரிக்கத்தான் நீங்கள் மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதிலும் டானெட் க்ருப்பிச்காவைப் பற்றி. சூறாவளி வருகிற செய்தி ரேடியோ வழியாக ஏன் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது உங்கள் கேள்வி. மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

போன வருஷம் செப்டம்பர் வரை இது பண்ணைக்காரர்களின் நிலையம். கிராமியப் பாட்டு, மத்தியானம் பன்றி விலை, சாயங்காலம் சோள விலை. நடுவில் டுவேன் க்ருப்பிச்கா, டானெட்டின் அப்பா. இருபத்திரண்டு வருஷமாக மதியத்திலிருந்து ஆறு மணி வரை அவர் குரல்தான். சூறாவளிக்கு அடையாளமாக வானம் பச்சையாக மாறினால் பாட்டைப் பாதியில் அறுத்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொள்வார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "ஏம்ப்பா வெர்ஜில், மாட்டைப் பாத்துக்கிட்டு நிக்காதே, அது பொழைச்சுக்கும், நீ கீழ போ" என்று ஒருமுறை பேசிய டேப் எங்களிடம் இருக்கிறது. வெர்ஜில் போனாராம். மாடும் பிழைத்ததாம்.

இந்த ஊர்ப் பழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சைரன் ஊதினால் இங்கே யாரும் ஓட மாட்டார்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை சோதனைக்காக ஊதும், ஆலங்கட்டி விழுந்தாலும் ஊதும், எதற்கென்றே தெரியாமலும் ஊதும். சைரன் கேட்டால் ஜனங்கள் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் ரேடியோவைப் போடுவார்கள். டுவேன் பேசினால் கீழே நிலவறைக்கு இறங்குவார்கள். பேசாவிட்டால் சாப்பாட்டைத் தொடர்வார்கள்.

அந்த நிலையத்தை எங்கள் கம்பெனி வாங்கியது, என்னை அனுப்பியது. எங்கள் கணக்குக்கு வேண்டியது முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்துநாலு வயதுக்குள் இருக்கும் பெண்கள். வேலை செய்கிற இடத்தில் காலையில் போட்டால் சாயங்காலம் வரை அணைக்காமல் வைத்திருக்கக்கூடிய மெல்லிசை. காதல் உண்டு, ஏக்கம் உண்டு, ஒப்பாரி கிடையாது. டிரம் உண்டு, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கக்கூடாது. மணிக்கு ஐம்பது நிமிடம் இடையூறில்லாத இசை என்பது நாங்கள் கொடுத்த வாக்கு. வாக்கு என்றால் எனக்கு வாக்குதான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவளை ஒருத்தியாகக் கற்பனை செய்துகொள்வோம், பெயரும் வைப்போம். எங்களுடையவள் ஜேனிஸ், நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், முதுகுவலி. ஒரு விளம்பரப் புத்தகத்திலிருந்து அவளாக ஒரு பெண்ணின் படத்தை வெட்டி என் மேசைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். எந்தப் பாட்டை எடுத்தாலும் இது ஜேனிஸுக்குப் பிடிக்குமா என்று கேட்பேன். "உன் பொண்டாட்டிகிட்டகூட நீ இவ்வளவு கேட்டிருக்க மாட்டே, அதான் அவ போயிட்டா" என்பார் டுவேன். அவர் பேச்சு அப்படித்தான், நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க மோட்டல் அரங்கத்தில் தொண்ணூறு பெண்களை உட்காரவைத்தோம். கையில் ஆளுக்கொரு திருகு குமிழ். பிடித்தால் வலப்பக்கம், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். ஒவ்வொரு பாட்டிலும் ஏழு வினாடி. எல்லாருடைய திருகும் சேர்ந்து திரையில் ஒரு கோடாக ஓடும். நடுவில் ஒரு யோசனை வந்து, டுவேனின் பழைய புயல் டேப்பிலிருந்து ஏழு வினாடியைச் செருகினேன். கோடு அடியோடு விழுந்தது. அப்படி ஒரு வீழ்ச்சியை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் திருகைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு, இந்த மோட்டலுக்கு நிலவறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அறிக்கையில் நான் எழுதினேன்: கேட்பவர்களால் சற்றும் சகிக்க முடியாத குரல்.

அந்த அறிக்கையை டுவேனிடம் காட்டவில்லை. எதற்கு அவர் மனதைப் புண்படுத்த வேண்டும்?

அவரை அனுப்பவும் முடியாது. டிராக்டர் கடைக்காரர், விதைக் கடைக்காரர் எல்லாரும் அவர் முகத்துக்காகத்தான் விளம்பரம் கொடுத்தார்கள். இருங்கள் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பாட்டு என்ன எழவா இருந்தாலும் போட்டுக்க, லேலண்ட். நான் வாயைத் திறக்கல. ஆனா சூறாவளி வந்துச்சுன்னா மைக் என்னோடது. அந்த ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்" என்றார். சரி என்று கைகொடுத்தேன். மகள் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், தட்டைக் கூரை, முன்பக்கம் பூராவும் கண்ணாடி, அடியில் நிலவறை கிடையாது, அவளை நினைத்துத்தான் கேட்கிறேன் என்றும் சொன்னார். நூற்றைம்பது தப்படி தள்ளி பேங்க் இருக்கிறது, அதன் அடியில் பணப்பெட்டகத்துக்குக் கட்டிய அறை இருக்கிறது. "நான் சொன்னதும் அவ ஓடிருவா. சின்னதிலிருந்து பழக்கிவெச்சிருக்கேன்" என்றார்.

புது நிலையத்துக்கு 'வில்லோ' என்று பெயர். மாற்றத்துக்கு முன்னால் மூன்று நாள் வெறும் கடலலைச் சத்தத்தை மட்டும் ஒலிபரப்பினோம், ஜனங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று. பேசிக்கொண்டார்கள். ஒரு பண்ணைக்காரர் போன் போட்டு, "உங்க கக்கூஸ்ல ஏதோ ஒழுகுது போல, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்றார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் மெல்லிசை போனது. கிறிஸ்துமஸுக்குள் ஊரில் முக்கால்வாசிக் கடைகளில் எங்கள் நிலையம்தான். துணிக்கடையிலும். டானெட் எனக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பினாள், முன்னைவிடத் தலைவலி குறைந்திருக்கிறது என்று. நல்ல பெண்.

இப்போது ஒயர் விஷயம். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தனியாக இருந்தேன். பாட்டுகளைத் தானாக ஓட்டுகிற இயந்திரத்தின் பின்பக்கம் டுவேனின் சின்ன அறையிலிருந்து வருகிற ஒயரைப் பார்த்தேன். இந்த வசந்தத்தில் எத்தனை புயல் வரும், எத்தனை முறை அவர் உள்ளே புகுந்து கத்துவார், ஜேனிஸ் எத்தனை முறை திருகை இடப்பக்கம் திருப்புவாள் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒயரைப் பிடுங்கினேன். முனையை மடித்து, பட்டையால் கட்டி, பார்க்க அசிங்கமாக இல்லாதபடி ஓரமாகச் செருகிவைத்தேன். மைக் அப்படியே இருந்தது. பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். ஹெட்போனில் அவர் குரல் அவருக்குக் கேட்கும். நேரே ஊருக்குப் போகிறது என்றுதான் தோன்றும். அவரிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை, சார். அவர் கேட்டது மைக்கை.

வானிலைத் துறையின் எச்சரிக்கைப் பெட்டியையும் மாற்றினேன். அது பாட்டின் நடுவே கர்ண கடூரமாகக் கத்தும். கத்தாமல் தாளில் மட்டும் அச்சடிக்கும்படி செய்தேன். உள்ளூர்ப் புயலை ஒலிபரப்புவதா வேண்டாமா என்பது நிலையத்தின் விருப்பம், சட்டத்தைப் பாருங்கள். ஒயரைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று ஐம்பத்திரண்டுக்குச் சைரன் ஊதியது. தாள் அச்சாகி வந்தது. டுவேன் அதைக் கிழித்துக்கொண்டு தன் அறைக்குள் ஓடினார். ஐம்பத்தெட்டு வயசு, அவ்வளவு வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கதவு சரியாக மூடாததால் அவர் பேசியது எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்தான்.

நன்றாகப் பேசினார். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தெரு தெருவாகச் சொன்னார். தானியக் கிடங்கைத் தாண்டிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே வருகிறது, வண்டியில் போகிறவர்கள் பள்ளத்தில் இறங்கிப் படுங்கள் என்றார். அப்புறம் குரலைத் தணித்தார். "டானெட், கண்ணு, அப்பா பேசறேன். கடையை அப்படியே போட்டுட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு பேங்குக்கு ஓடு. இப்பவே. பையெல்லாம் எடுக்காதே." அதை மூன்று முறை சொன்னார்.

ஒயர் இருந்த இடத்துக்கு நான் நின்ற இடத்திலிருந்து நாலு தப்படி. நீங்கள் அளந்திருப்பீர்கள். செருகலாம் என்று நினைக்காமல் இல்லை. கூடத்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், பாட்டு முடிய நாற்பது வினாடி இருந்தது. பாதியில் அறுப்பானேன், முடியட்டும், இடைவெளியில் செருகிவிடலாம் என்று நின்றேன். ஆனால் எங்கள் இயந்திரத்தில் இடைவெளி கிடையாது. ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையில் கரைகிற மாதிரி நான்தான் அமைத்திருந்தேன், மாவட்டத்திலேயே அந்த நேர்த்தி வேறு எவரிடமும் இல்லை. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அது முடியட்டும் என்று நினைத்தேன். சூறாவளி எப்போதும் வடக்கே திரும்பிவிடும் என்றும் நினைத்தேன். அது மட்டுமில்லை, திடீரென்று செருகினால் அவர் ஹெட்போனில் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டிருக்கும், இவ்வளவு நாள் செருகாமல் இருந்தது அவருக்குத் தெரிந்துபோகும். நான்கு பாட்டு அப்படிப் போயிற்று. நாலு ஒன்பதுக்கு மின்சாரம் நின்றது.

துணிக்கடையில் நடந்ததை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்த அந்த ஒரே அம்மா, ஃபில்லிஸ், நேற்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னது. சைரன் கேட்டு அவர் பேங்குக்குக் கிளம்பினாராம். டானெட்தான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். "எங்கே போறீங்க? பெரிசா இருந்தா எங்கப்பா பாட்டை நிறுத்திட்டுச் சொல்லுவாரு. பாட்டு ஓடிக்கிட்டுதானே இருக்கு. உக்காருங்க" என்று சொல்லி எல்லாருக்கும் இலவங்கப்பட்டை ரொட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தாளாம், அப்பா வந்தால் நன்றாகக் கேட்கட்டும் என்று. தொழில்ரீதியாகச் சொன்னால் அந்த அறையில் ஒருத்தரும் ஸ்டேஷனை மாற்றவில்லை. ஐந்து பேரில் நாலு பேர் எங்கள் வயதுக் கணக்குக்குள் வருகிறவர்கள்.

புதன்கிழமை எஞ்ஜினியர் வந்து பார்த்தபோது ஒயர் அதன் இடத்தில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கே செருகிவிட்டேன். நாளெல்லாம் ஓடுகிறதைப் பதிவு செய்கிற டேப் ஒன்று இருப்பதை மறந்துபோனேன், அது என் கவனக்குறைவு. அந்த டேப் உங்கள் கையில் இருக்கிறது. மூன்று ஐம்பத்திரண்டிலிருந்து நாலு ஒன்பது வரை கேட்டிருப்பீர்கள். ஒரு இடத்தில்கூட ஒரு கரகரப்பு இல்லை, கவனித்தீர்களா?

ஆகவே ஒத்துக்கொள்கிறேன். ஒயரைப் பிடுங்கியது நான். பிடுங்கியது தெரிந்தே பதினேழு நிமிடம் நின்று வேடிக்கை பார்த்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு கோரிக்கை. நாளைக்கு அடக்கம் முடிகிறவரை இதை டுவேனிடம் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட விளையாட்டரங்கத்தில் செத்தவர்களை வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். டுவேன் டானெட் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஒரு காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆயிரந்தான் இருந்தாலும் கூட வேலை செய்கிறவர்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மூணு தடவை சொன்னேன், லேலண்ட்" என்றார். "பேர் சொல்லிச் சொன்னேன். என் பேச்சை அவ ஒருநாளும் தட்டினதில்ல. ஏன் போகல?"

அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, சார். அதை அவர் முகத்தில் பார்த்தேன். என்னால் முடிந்த உதவி அதுதான் என்று தோன்றியது. தோளில் கை வைத்து, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்கே, டுவேன், அப்பன் பேச்சைக் கேக்குது" என்றேன். அவர் அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபமாகத்தான், தலையை ஆட்டிக்கொண்டார். மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.