தாகமில்லாமல் குடிக்கிறவள்

சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் உப்பளத்து வேலைக்காரப் பெண்கள் இருவர். இளையவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள் மூத்தவள்.

"எங்க நாத்தனா தண்ணி குடிக்கிறதப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுக்கா."

"தண்ணிக்குப் போயி எரியுமா?"

"ஜவுளிக்கடையில சேந்துட்டால்ல. அங்கன பொம்பளைகளுக்குன்னு கக்கூஸ் இருக்காம். தாகமே இல்லாம எடுத்து எடுத்துக் குடிக்கிறா."

"நம்மகூட உப்பு வாருனவதான அவளும்."

"ஆமா, அப்ப என்னைய மாதிரியே நீர்க்கடுப்புல துடிச்சவ. இப்ப மூஞ்சி மினுமினுன்னு இருக்கு."

"டாக்டரம்மா உன்னையும் நெறையத்தான குடிக்கச் சொன்னாக?"

"குடிச்சுட்டு எங்கன போயி ஒதுங்க? கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெட்டவெளி. அதுல ஆம்பளைக வேற நிக்கிறாக. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாய நனைக்கிறதோட சரி."

மூத்தவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இப்பவாச்சும் குடி. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

அவள் வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடியைத் திருகினாள்.

"ஆஸ்பத்திரி வரட்டும்க்கா. அங்கன கக்கூஸ் இருக்குல்ல. இன்னைக்கு ஒரு நாளாச்சும் அவள மாதிரிக் குடிச்சுக்கிறேன்."