போர்டு முடியட்டும்

மெடிக்கல் போர்டுக்குப் போகிற நாளில் புதுச் சட்டை போடக் கூடாது. இஸ்திரி போட்ட சட்டையும் வேண்டாம். விபத்து கேஸோடு வரும் கட்சிக்காரர்களுக்கு இருபது வருடமாக நான் சொல்லிவரும் முதல் புத்தி இதுதான். நான் வக்கீல் குமாஸ்தா, பெயர் தாணு. கால் ஒடிந்தவன் போர்டுக்கு முன்னால் எப்படி நடக்க வேண்டும் என்பது டாக்டரைவிடத் தாணுவுக்குத்தான் தெரியும் என்று வஞ்சியூர் கோர்ட்டில் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

டாக்டர், உங்கள் ஃபாரத்தில் 'சிகிச்சையை நிறுத்தியதற்குக் காரணம்' என்று கேட்டு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறீர்கள். ஒரு குமாஸ்தாவால் எதையும் ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால் தனித்தாள் இணைத்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கட்சிக்காரருக்கு நல்ல தீர்ப்பு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். மகள் அனுஷாவும் வந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதற்கு இரண்டு கை வேண்டியிருந்தது, அவள் கையை விட்டேன். ஒரு ஸ்கூட்டர் வளைந்து வந்து இடித்தது. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது வாய்விட்டு அழுதேன். ஆட்டோவில் ஏறியதும் முதல் வேலையாக ஸ்கூட்டர் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். தொழில் அப்படி.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு நீங்கள் எங்களைத் தெரபிஸ்ட் பிஜியிடம் அனுப்பினீர்கள். "சேட்டா, ஒரு நாள்கூட பயிற்சிய முடக்கக் கூடாது, கேட்டோ. பிள்ள அழுதாலும் சாரமில்ல. இப்ப மடக்காத கை பின்ன மடங்காது" என்று பிஜி சொன்னாள். நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

பிஜி கெட்டிக்காரி. சிக்கலே அதுதான். இரண்டே வாரத்தில் அனுஷாவின் விரல் தாடையைத் தொட்டுவிட்டது. சூடாமணிக்கு, என் மனைவிக்கு, கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் ஸ்கூட்டர்க்காரன்மேல் போட்டிருந்த கேஸில் நஷ்டஈடு என்பது போர்டு எழுதும் ஊனச் சதவீதத்தைப் பொறுத்தது. இப்படியே போனால் போர்டு கூடும் நாளில் பிள்ளை கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடு போடுவாள் என்று தோன்றியது. போர்டுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அது முடிந்த மறுநாளே மறுபடி பிஜியிடம் போய்விடலாம். எலும்பு எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

"பிஜி ரெண்டு தடவ போன்ல விளிச்சிட்டா. எதுக்கு போவண்டாம்னு சொல்லுதீங்க?" என்று சூடாமணி கேட்டாள்.

"டாக்டர்தான் ரெஸ்ட் குடுக்கச் சொன்னாரு" என்றேன். உங்கள் பெயரைத்தான் சொன்னேன். மன்னிக்கவும்.

நாலு நாள் கழித்து, அடுக்களை மூலையில் அனுஷா தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். பிஜி சொல்லிக்கொடுத்த பயிற்சி. "அப்பா, கை காதுக்கு வந்துட்டு, பாருங்க" என்றாள். நான் பாட்டிலை வாங்கி வைத்தேன். கையைக் கழுத்தில் தொங்கும் தூளியில் போட்டு இறுக்கிக் கட்டினேன். அசைத்தால் எலும்பு திரும்பவும் ஒடியும், முதலில் வந்ததைவிட வலிக்கும் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு அவள் தும்மும்போதுகூட இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்வாள்.

போர்டுக்குக் கொடுத்த முதல் தேதி ஹர்த்தாலில் போனது. இரண்டாவது தேதியில் போர்டு டாக்டர் லீவு. மூன்றாவது தேதிக்கு நானே டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன், இருபது வருட சர்வீஸ் உள்ளவன். ஒரு மாதம் ஏழு மாதமாயிற்று. ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதி பக்கத்தில்தான் இருந்தது.

கடைசியில் போர்டு கூடிய அன்று அவளுக்குப் பழைய யூனிஃபார்ம் போட்டுவிட்டேன். மடக்கச் சொன்னார்கள். மடங்கவில்லை. முப்பத்தைந்து சதவீதம் எழுதினார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வெளியே வராந்தாவில், "அப்பா, இனி மடக்கலாமா?" என்று கேட்டாள்.

"மடக்கு மக்களே" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கப் பார்த்தாள். கை இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் பயந்துபோய் என்னிடம், "நான் ஒரு நாளும் அசைக்கல்ல அப்பா. சத்தியமா" என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். நேர்ந்திருந்தேன்.

தீர்ப்பான தொகை முழுவதும் அவள் பெயரில் டெபாசிட்டில் கிடக்கிறது. பதினெட்டு வயதுவரை யாரும் தொட முடியாது. அதில் நான் ஒரு டீகூடக் குடித்ததில்லை. மகளுக்காக இவ்வளவு அலைந்த அப்பன் வஞ்சியூரிலேயே வேறு கிடையாது என்று எங்கள் வக்கீலே சொன்னார்.

இப்போது ஆபரேஷன் செய்தால் பாதியாவது மடங்கும், தள்ளிப்போட வேண்டாம் என்கிறீர்கள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் எழுதவில்லை. தொகை போதாது என்று ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறோம். மறுபடியும் போர்டுக்கு அனுப்புவார்கள் போலிருக்கிறது. அது முடியட்டும். அனுஷாவிடம் சொல்லிவிட்டேன், அவள் பொறுத்துக்கொள்வாள். அப்பா சொன்னால் கேட்கிற பிள்ளை.