அறையைப் பெரிதாக்கிய கட்டில்

இரணியல் பஸ்ஸில், நீளப் பலகை ஒன்றைப் பிடித்தபடி முன்சீட்டில் இருந்த ஆசாரி பக்கத்துக் கூட்டாளியிடம் சொன்னார்: “நான் செஞ்ச சீர்க்கட்டில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதும் சின்னதாயிட்டு மக்கா.”

“அளந்து பாத்தியா?”

“சொன்ன அளவுதான். கட்டில் காலை மட்டும் ஒசரமா, ஒல்லியா வச்சேன். அடியில தரை தெரிஞ்சா அறை பெருசாத் தெரியும்னு போன்ல பாத்தேன்.”

“தெரிஞ்சுதா?”

“நல்லாத் தெரிஞ்சுது. அறை பெருசானதும் கட்டில் சின்னதாப் போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க ஏமாத்திட்டாவன்னு மாமியார்க்காரி ஒரே ஏச்சு.”

“பொறவு?”

“அடியில பலகை வச்சு அடைக்கப் போனேன். புதுப்பொண்ணு வாசல்லயே மறிச்சுட்டா. பலகையைத் திருப்பிக் கொண்டு வாறேன்.”

“அவளுக்கு என்னவாம்?”

“‘இந்த வீட்டுல அறையாவது பெருசாத் தெரியட்டும் அண்ணே’ங்கா.”